ஆறு கிலோ வெங்காயத்தில் ஒரு பசுமை ஈஸ்டர்

பசுமைப் பண்டிகைக்காரர் என்றொரு இனம் உண்டு. வருடத்தில் ஐம்பத்தோரு வாரம் அவர் எல்லோரையும் போலத்தான் இருப்பார். ஈஸ்டருக்கு முந்தைய வாரம் மட்டும் பூமி முழுவதும் அவர் தோளில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

எங்கள் செவ்லியேவோ ஊர் லியூபென் இந்த இனத்தில் முதல் தரம். முட்டைக்குச் சாயம் போடும் வியாழக்கிழமையன்று, மனைவி நெவெனா வாங்கி வந்த சாயப் பொட்டலத்தை இரண்டே விரலால் தூக்கிப் பார்த்தார்; இதனால் ஆற்றில் மீன் சாகும் என்றார்; வெங்காயத் தோலே போதும் என்றார்; சந்தை வெங்காயத்தில் மருந்து அடித்திருப்பார்கள் என்று காரை எடுத்து, மூன்று கிராமம் சுற்றி, அறுபது கிலோமீட்டருக்குப் பெட்ரோல் எரித்து, ஆறு கிலோ வெங்காயத்தோடு திரும்பினார். தோல் சட்டிக்குள் போனது. வெங்காயம்? அது நெவெனாவின் பாடு.

நெவெனாவுக்கு வேறு கவலை. ஞாயிற்றுக்கிழமை விருந்தில் முட்டையோடு முட்டை மோதுவார்கள். கடைசிவரை உடையாத முட்டை எந்த வீட்டுடையதோ, அந்த வீட்டை அந்த வருடம் நோய் அண்டாது. ஆறு வருடமாக ஜெயிப்பவன் அவள் தம்பி ஸ்தாமென். அவளோ குளிர்காலம் முழுக்க மருத்துவமனையில் கிடந்து எழுந்தவள். இந்த வருடம் அந்த முட்டை அவளுக்கு வேண்டும். நாற்பது முட்டைகளையும் ஒவ்வொன்றாக முன்பல்லில் தட்டி, ஓசை கேட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் தனியாக வைத்தாள்.

ஞாயிறு வந்தது. சித்தப்பா முட்டை உடைந்தது. நாத்தனார் முட்டை உடைந்தது. கடைசியில் ஸ்தாமெனின் முட்டையும் நொறுங்கியது. நெவெனாவின் முட்டை மட்டும் அப்படியே இருந்தது; அவள் கண் கலங்கிவிட்டது.

"தோத்துட்டேன் அக்கா. அந்தச் சூரனைக் கொஞ்சம் குடு, பாப்போம்."

ஸ்தாமென் வாங்கிக் கையில் எடை பார்த்தான். முன்பல்லில் தட்டினான்.

"மரம்," என்றான். "நீயுமா அக்கா?"

மர முட்டையோடு மோத வருவதும், சட்டைக் கைக்குள் சீட்டை ஒளித்துச் சீட்டாட வருவதும் எங்கள் ஊரில் ஒன்றுதான். மேசையில் யாரும் நெவெனாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

லியூபென் பெருமையோடு எழுந்தார். "நான்தான் மாத்தி வெச்சேன். வருஷா வருஷம் முட்டைய எதுக்கு உடைச்சு வீணாக்கணும்? இத நூறு வருஷம் மோதலாம். சாயம்கூட வெங்காயத் தோல்தான்."

"என் முட்டை எங்கங்க?" என்றாள் நெவெனா.

"காலையில சாப்டுட்டேன். வீணாகக் கூடாதில்ல?"

"கெட்டியா இருந்துச்சா?"

"ரொம்ப. மூணு தடவ தட்ட வேண்டியதாப் போச்சு."

நெவெனா எழுந்தாள். அவர் முன்னால் இருந்த ஆட்டுக்கறித் தட்டைத் தம்பி பக்கம் நகர்த்தினாள். சமையலறைக்குப் போய், உரித்த வெங்காயம் நிறைந்த அண்டாவைத் தூக்கி வந்து அதே இடத்தில் வைத்தாள்.

"மூணு நாளாத் தோலில்லாமக் கெடக்கு. வீணாகக் கூடாதில்ல?"

"அத்தான், ரொட்டி தரட்டுமா?" என்றான் ஸ்தாமென்.

"வேணாம்டா," என்றாள் நெவெனா. "அது அடுப்புல வெந்தது. புகை."

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் இந்த இனம் இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமா? உங்கள் கதவுக்குப் பின்னால் தொங்கும் துணிப்பைக்குள் எத்தனை துணிப்பைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடித்ததும், சத்தம் போடாமல் சமையலறையையும் எட்டிப் பாருங்கள். அங்கே யாராவது வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கலாம்.