பேப்பர் உரிக்காத பெட்டி

பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை செய்கிறவனுக்குப் பிளாஸ்டிக்கைப் பற்றி எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பும். சிக்கல் என்னவென்றால், சில சமயம் அவனும் நம்பிவிடுகிறான்.

தொண்ணூற்றொன்றில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அக்ரிலிக் ஷீட் செய்யும் கம்பெனி ஒன்றில் எனக்கு டிஸ்பேட்ச் வேலை. (லாரியில் சரக்கு ஏற்றுவதை இங்கிலீஷில் சொன்னால் அப்படித்தான்.) மண்ணூரில் எங்கள் தெருவிலேயே இருந்த ஸ்டெல்லாவை எனக்குக் கொடுக்கலாமா வேண்டாமா என்று அவளுடைய அப்பா அந்தோணி மாமா யோசித்துக்கொண்டிருந்த நேரம். தன் வீட்டு மாதா சுரூபத்துக்குக் கண்ணாடி மாதிரி ஒரு பெட்டி வேண்டும் என்றார். நானே வீட்டில் செய்து தருகிறேன் என்று வாயை விட்டேன்.

கம்பெனியில் ஷீட்டின் இரண்டு பக்கமும் பழுப்புப் பேப்பர் ஒட்டியிருக்கும். அதில் நகம் பட்டாலே சூப்பர்வைசர் குதிப்பார். அதனால் அதை உரிக்கலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. கம்பெனியிலிருந்து வாங்கிவந்த ஷீட்டை ஆக்ஸா பிளேடால் கீறி உடைத்தேன். விளிம்பெல்லாம் பல் பல்லாக நின்றது. அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்தேன். வழவழப்பு வந்தது, பளபளப்பு வரவில்லை. லேசாக நெருப்புக் காட்டினால் மின்னும் என்று கட்டிங் செக்‌ஷனில் பேசிக்கொண்டது ஞாபகம் வந்தது. ஸ்டவ்வைப் பற்றவைத்தேன்.

விளிம்பைக் காட்டியதும் பேப்பர் குப்பென்று பிடித்தது. பயத்தில் கீழே போட்டேன். அங்கே கிடந்த மற்ற துண்டுகளும் சேர்ந்து எரிந்தன. அம்மா ஓடிவந்து சாம்பார்க் குண்டானை அப்படியே கவிழ்த்தாள். அந்த நேரம் பார்த்து, பெட்டி எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க மகளையும் கூட்டிக்கொண்டு அந்தோணி மாமா உள்ளே வந்தார். அப்பளமாகச் சுருண்டு கிடந்த ஷீட்டைப் பார்த்தார். என் புருவத்தையும் பார்த்தார். (பாதிதான் இருந்தது.)

"இன்னாப்பா, மாதாவுக்குப் பொட்டி செய்றியா, கருவாடு சுட்றியா?"

ஸ்டெல்லா குனிந்து, எரியாத ஒரு துண்டின் ஓரத்தை நகத்தால் கிள்ளி இழுத்தாள். பேப்பர் சரசரவென்று உரிந்து வந்தது. உள்ளே ஷீட் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. அதன் வழியாக என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. கல்யாணம் போயே போச்சு என்று நான் சாம்பாரில் நின்றேன்.

மாமா அம்மாவிடம் திரும்பினார். "சம்மந்தி, எம் பொண்ணு இப்டி சிரிச்சி நான் பாத்ததே இல்ல. தேதி வச்சிக்கலாம். பொட்டிய மட்டும் நான் கடையில வாங்கிக்கறேன்."

டிவி வாங்கினாலும் பிரிட்ஜ் வாங்கினாலும் எங்கள் வீட்டில் அட்டைப்பெட்டியை நான் தொட்டதும் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். போன மாதம் புது மொபைல் வந்தது. கண்ணாடிமேல் ஒட்டியிருந்த தாளோடு நான் அதைத் தடவிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து ஸ்டெல்லா சொன்னாள்:

"மொதல்ல பேப்பர உரிச்சிடுங்க. அப்பறமா கொளுத்திக்கலாம்."