மாமி முதன்முதலாகப் பேசிய ஞாயிற்றுக்கிழமை

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். அதைச் சொல்லாமல் ஓட்டுக் கூரையில் ஒன்றரை மணித்தியாலம் நின்ற மனிதன் நான்.

எண்பதுகளின் தொடக்கம். கலியாணம் முடிந்து இரண்டு மாதம். எங்கள் பக்கத்து வழக்கப்படி பாலையூற்றில் மனைவி வீட்டோடு வந்து குடியேறியிருந்தேன். நான் துறைமுகத்தில் 'கரண்ட் பகுதியில்' வேலை என்று கலியாணத் தரகர் சொல்லியிருந்தார். பொய்யில்லை. அந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களைக் கோப்பில் போடுகிறவன் நான்தான். (பல்பு மாட்டச் சொன்னால் முதலில் சாமியைக் கும்பிடுவேன்.) மாமா அதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டு, தெருவெல்லாம் என்னை எஞ்சினியர் ஆக்கிவைத்திருந்தார். மனைவியும் நம்பினாள். அவள் என்னைப் பார்க்கும் பார்வையில் ஒரு பெருமை இருக்கும். அதை இழக்க எனக்கு மனமில்லை. வாயைத் திறக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, குவைத்திலிருந்த மைத்துனர் ஒரு ரீவி அனுப்பினார். தெருவிலேயே முதலாவது. ஞாயிறு பின்னேரம் தமிழ்ப்படம் போடுகிறார்கள் என்றதும் மாமா அயலட்டை முழுவதையும் அழைத்துவிட்டார். சனம் வந்து விறாந்தையில் நிறைந்தது. பெட்டியைப் போட்டால் அரிசி கொட்டிய மாதிரி வெறும் புள்ளிகள்.

மாமா அசரவில்லை. "ஒருத்தரும் யோசியாதேங்கோ. மருமகன் பார்ப்பார். அவருக்கு இது விளையாட்டு" என்றார்.

இருபது தலைகள் என் பக்கம் திரும்பின. கதவருகே மனைவியின் முகத்தில் அதே பெருமை. அப்போதாவது "எனக்கு ஏலாது" என்று சொல்லியிருக்கலாம். நான் குறடு கேட்டேன். (எதற்கு என்று இன்றுவரை எனக்கே தெரியாது.)

முகட்டில் இரும்புக் குழாயில் அன்ரனா நின்றது. அதைச் சரியான திசைக்குத் திருப்பினால் படம் வரும் என்பது வரை துறைமுகக் கந்தோரில் யாரோ கதைத்து என் காதில் விழுந்திருந்தது. ஏறிவிட்டேன். ஆனால் படம் வந்ததா இல்லையா என்று கூரையில் நிற்பவனுக்கு யாராவது சொல்லவேண்டுமே. சனம் ஆளுக்கொன்றாகக் கத்தியதால் மாமா எல்லாரையும் வாயை மூடச் சொல்லிவிட்டார். அவருடைய குரலோ விறாந்தையைத் தாண்டாது. அதனால் அவர் கதவடியில் நின்ற மாமியிடம் சொல்வார். மாமி இலங்கைத்துறைக் கிராமத்தில் பிறந்தவர். மருமகனோடு நேரே கதைப்பது மரியாதையில்லை என்று வளர்ந்தவர். இரண்டு மாதத்தில் என்னிடம் ஒரு சொல் பேசியதில்லை. அவர் முற்றத்தில் நின்ற மகளிடம், அதாவது என் மனைவியிடம், சொல்வார். மகள் "இஞ்சாருங்கோ" என்று தொடங்கி, தொண்டையைச் செருமி, எனக்குச் சொல்வாள்.

"நல்லா இருக்காம்" என்ற செய்தி வந்து சேரும்போது நான் அன்ரனாவை வேறெங்கோ திருப்பியிருப்பேன். சரி, இதுதான் இடம் என்று கையை எடுத்தால், "போயிட்டுதாம்" என்று வரும். வடக்கே புல்மோட்டைப் பக்கம் திருப்பினேன், வந்தது. போனது. கடல் பக்கம் திருப்பினேன், வந்தது. போனது. திரும்பப் புல்மோட்டைப் பக்கமே வைத்தேன், வரவேயில்லை. எனக்குக் கிழக்கு மேற்கே மறந்துபோயிற்று. கீழே படம் தொடங்கி, பாட்டும் ஒன்று முடிந்துவிட்டது. ஓடு சுட்டது. அழுகை வரும்போல இருந்தது.

பிறகுதான் விளங்கியது. நான் மேலே திருப்பத் திருப்ப, மாமாவும் கீழே பெட்டியின் குமிழைத் திருகிக்கொண்டிருந்திருக்கிறார். படம் வந்தால் இன்னும் கொஞ்சம் வடிவாக வரட்டும் என்று ஒரு திருகு.

இரண்டு பேரின் கூத்தையும் முழுதாகப் பார்த்தவர் மாமி ஒருவர்தான். சனத்துக்கு முன்னால் மாமாவைக் குறை சொல்ல முடியாது. என்னை அசையாமல் நிற்கச் சொல்லும்படி மகளிடம் மூன்று தரம் சொன்னாராம். "அவருக்குத் தெரியும் அம்மா, அவர் படிச்சவர்" என்று இவள் தடுத்துவிட்டாள்.

கடைசியில் மாமி உள்ளே போய் மாமாவின் கையைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார். முற்றத்துக்கு வந்து, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, என்னை நேரே அண்ணாந்து பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் புல்மோட்டைப் பக்கம். இன்னும் கொஞ்சம். ஆ, காணும், போதும். இனி ஒண்டையும் தொடாமல் இறங்குங்கோ."

உள்ளே பாட்டுச் சத்தம் கணீரென்று கேட்டது. சனம் கை தட்டியது.

இறங்கி வந்து அடுப்படி வாசலில் மாமியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது மனைவியும் பக்கத்தில் நின்றாள். எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

"மாமி, நான் கடிதம் கோப்பில போடுற ஆள்."

"அது எனக்கு வந்த கிழமையே தெரியும். டோர்ச்சுக்கு பற்றரியைத் தலைகீழாப் போட்டிட்டு, டோர்ச் பழுதெண்டு சொன்னனீங்கள்."

மனைவி என்னைப் பார்த்தாள். கோபப்படப்போகிறாள் என்று நினைத்தேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கியவள், படம் முடிந்து சனம் போகும்வரை நிறுத்தவில்லை.

மாமி அன்று தொடங்கிச் சாகும்வரை என்னோடு நேரேதான் கதைத்தார். மனைவி மட்டும் இன்னும் சிரித்து முடியவில்லை. போன மாதம் நான் கொழும்பில் நிற்கும்போது தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சாருங்கோ, வீட்டில ஃபான் நிண்டிட்டுது. திருத்திற ஆள் வருகுது. நீங்கள் அவசரப்படாமல் ஆறுதலா வாங்கோ."