மீன் அறுக்கும் கை

ஒரு வேலையைப் பல வருடம் செய்து பழகிவிட்டால், அதன் பிறகு அதைச் செய்வது நாம் இல்லை, கைதான். நாம் வேறு யோசனையில் இருந்தாலும் அது பாட்டுக்கு முடித்துவிடும். இந்த உண்மையை நான் கற்றுக்கொண்ட இடம், விலங்கியல் செய்முறைத் தேர்வு நடந்த கூடம்.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு மிஷன் பள்ளியின் அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். படித்தது வணிகவியல். முப்பது வயதை நெருங்கும்போது திடீரென்று ஞானோதயம்: ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் ஆக வேண்டும். (வெள்ளைக் கோட்டின் மேல் ஆசை. வேறு உன்னதமான காரணம் எதுவும் கிடையாது.) பயிற்சியில் சேர்த்துக்கொள்கிறோம், ஆனால் முதலில் மாலைக் கல்லூரியில் வேதியியல், இயற்பியல், விலங்கியல் மூன்றிலும் தேறி வா என்றார்கள். ஆழம் தெரியாமல் காலை விடுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை. தேறுவதற்கு முன்பே பள்ளி வேலையை விட்டுவிட்டேன்.

வேதியியலும் இயற்பியலும் எப்படியோ தாண்டியாயிற்று. விலங்கியலில்தான் தவளை குறுக்கே வந்தது. வகுப்பில் பக்கத்து மேஜை செல்வி, திருமங்கலத்திலிருந்து பஸ்ஸில் வரும் சின்னப் பெண். எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். என் தவளையை அவள் அறுத்துக் கொடுப்பாள். அவளுக்குப் படங்களை நான் வரைந்து கொடுப்பேன். ஆக, பரீட்சை வரைக்கும் நான் கத்தியையே தொடவில்லை.

பரீட்சை வந்தது ஒரு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கறி எடுக்க மாட்டோம், மீன்தான். காலையில் கெண்டையை அறுத்துக்கொண்டே வீட்டுக்காரரிடம் புலம்பினேன்.

"என்னங்க, இன்னைக்கு நானே அறுக்கணும். நெனச்சாலே கை நடுங்குது."

"இப்ப நடுங்குதா?"

"இது மீனுங்க."

"தவளையும் தண்ணியில கெடக்குறதுதான ஜெசி? கெண்டைன்னு நெனச்சுக்க. கை தன்னால போகும்."

போனது. அதுதான் வினையாகிவிட்டது.

தவளையின் சீரண மண்டலத்தை அறுத்துக் காட்ட வேண்டும் என்பது கேள்வி. மெழுகுத் தட்டில் வெள்ளை வயிற்றைக் காட்டி மல்லாந்து கிடந்தது தவளை. இதில் தவறினால் ஆஸ்பத்திரியும் இல்லை, விட்டுவந்த வேலையும் இல்லை. மாதாவை வேண்டிக்கொண்டு, "கெண்டை, கெண்டை" என்று மனசுக்குள் ஜெபித்தபடி கத்தியை வைத்தேன்.

அப்புறம் நடந்தது எதுவும் எனக்கு நினைவில் இல்லை. செல்வியின் குரல்தான் என்னை எழுப்பியது.

"அக்கா... என்னக்கா பண்றீங்க?"

குனிந்து பார்த்தேன். குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். கையில் தவளை. வயிற்றுக்குள் ஒன்றுமே இல்லை. அலசிப் பளபளவென்று இருந்தது. போதாததற்கு இரண்டு பக்கமும் மசாலா இறங்குவதற்காக அழகாகக் கீறிவிட்டிருந்தேன்.

ஓடிப்போய்த் தட்டில் வைப்பதற்குள் வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் மேஜைக்கு வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, கொடல் எங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"எடுத்து?"

"வாளியில போட்டுட்டேன் சார்."

"எதுக்கும்மா?"

"கசக்கும் சார்."

கூடமே கொல்லென்று சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அந்த வாளிக்குள்ளேயே குதித்துவிடலாம் போலிருந்தது. "வேலைய விட்டுட்டு வந்துருக்கேன் சார்" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

"சரி, எடுத்துட்டு வந்து அடுக்கிக் காட்டுங்க" என்றார்.

வாளியில் கை விட்டுத் துழாவி, கிடைத்ததையெல்லாம் அள்ளிவந்து தட்டில் வரிசையாகக் குத்திவைத்தேன். காலையில் பரீட்சை எழுதிய கூட்டமும் அதே வாளியில்தான் கொட்டியிருக்கிறது என்பது எனக்கு எப்படித் தெரியும்? அவர் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"இதயம் ரெண்டு இருக்கே?"

நானும் குனிந்து எண்ணிப் பார்த்தேன்.

"ஒன்னு ஒங்களுதா இருக்கும்மா. பயத்துல கழண்டு விழுந்துருக்கும்" என்றார். இப்போது அவரும் சிரித்துவிட்டார். பிறகு, "எது கசக்கும், ஏன் கசக்கும், அதையாவது சொல்லுங்க" என்றார். பித்தப்பை, பித்தநீர், அது கொழுப்பை என்ன செய்கிறது என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அறுத்ததற்குச் சுழியம், வாய்ப்பேச்சுக்கு மட்டும் முழு மதிப்பெண். சரியாகக் கரையேறும் அளவுக்குத் தேறினேன். வெள்ளைக் கோட்டும் கிடைத்தது.

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னதுதான் நான் செய்த பெரிய தப்பு. அன்றிலிருந்து சாவி, மூக்குக்கண்ணாடி எது காணாமல் போனாலும், "வாளியில பாருங்க, அம்மா சுத்தம் பண்ணிருப்பாக" என்று பிள்ளைகள் கத்தும். உறவுக்காரர்கள் மீன் குழம்புக்கு உட்கார்ந்தால் முதல் கேள்வி, "கசக்குமா சார்?" என்பதுதான்.

பல வருடம் கழித்து வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்து, நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். ரத்தம் எடுக்கப் போன நான், தவளை நாளைப் போலவே மாதாவை வேண்டிக்கொண்டேன். இதயம் கொஞ்சம் பலவீனமாக இருக்கிறது என்று டாக்டர் தயங்கித் தயங்கிச் சொன்னார். மனிதர் படுத்தபடியே என் கையைப் பிடித்துக்கொண்டு அவரைச் சமாதானப்படுத்தினார்.

"கவலைப்படாதீங்க டாக்டர். எங்க வீட்டம்மாகிட்ட உபரியா ஒன்னு இருக்கு."