‘ஆமா’ என்று எழுதிய மாப்பிள்ளை

எங்கள் நகர மன்றத்தில் நல்லிணக்கப் பிரிவு என்று ஒரு பிரிவு இருக்கிறது. நகர மக்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொண்டு வாழும்படி பார்த்துக்கொள்வது அதன் பணி. பிரிவு அலுவலர், நான், பியூன் என்று மொத்தம் மூன்று பேர் அங்கே வேலை செய்கிறோம். மூன்று பேருக்கும் மற்ற இருவரையும் கண்டால் ஆகாது. ஆனால் அது அலுவலக நேரத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்பதால் கோப்பில் ஏறவில்லை.

நகர நூலகக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு ஹால் உண்டு. சனிக்கிழமை மாலைகளில் அதை எமோ இசை ரசிகர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். எமோ என்றால் என்னவென்று எனக்கும் அப்போது தெரியாது. என் தங்கச்சிதான் விளக்கினாள். மனசு உடைந்துபோன ஒருவர், கிட்டாரும் டிரம்ஸும் முழு வேகத்தில் அதிர, தன் மனசு எப்படி உடைந்தது என்பதைத் தொண்டை கிழியச் சொல்வது. கேட்கிறவர்கள் கறுப்புச் சட்டை போட்டு, முன்முடியை ஒரு கண்ணின் மேல் இறக்கிவிட்டுக்கொண்டு, கூடவே உடைந்துபோவார்கள். யாருக்கும் தொந்தரவில்லாத பொழுதுபோக்கு. முப்பத்திரண்டு பேர் வருவார்கள், அழுவார்கள், விளக்கை அணைத்துவிட்டுப் போவார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கட்கிழமை எங்கள் பிரிவுக்கு இரண்டு மனுக்கள் வந்தன. ஒன்று ஒரு தையற்காரம்மா கொடுத்தது. ஒரு கணக்கு வாத்தியாரைப் பற்றியது. இன்னொன்று அதே கணக்கு வாத்தியார் கொடுத்தது. அதே தையற்காரம்மாவைப் பற்றியது. இரண்டிலும் வாசகம் ஒன்றுதான்: ‘மேற்படியார் எமோ ரசிகரே அல்ல. அசல் ரசிகர்களை அவரிடமிருந்து காப்பாற்றும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

அலுவலர் இரண்டையும் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் நகரத்தில் ஏதோ ஒன்று கெடப்போகிறது என்று அர்த்தம்.

“ஏன்யா சண்டை வருது? யாரு யாருன்னு தெரியல, அதனால வருது. யாரைச் சகிச்சுக்கறோம்னே தெரியாம எப்படிய்யா சகிச்சுக்கறது? முதல்ல ஆளுக்கொரு வகை கொடுப்போம். அப்புறம் கையில ஒரு பட்டை. சகிப்புத்தன்மை தன்னால வந்துடும்.”

அன்றே படிவம் தயாரானது. நிபுணர் குழுவும் அமைந்தது. உறுப்பினர்கள் இருவர்: தையற்காரம்மா, கணக்கு வாத்தியார். விஷயம் தெரிந்தவர்கள் என்பதற்கு அவர்கள் மனு கொடுத்ததே சான்று என்று அலுவலர் குறிப்பெழுதினார்.

கேள்வி எண் ஒன்று: ‘நீங்கள் எமோ ரசிகரா? ஆம் / இல்லை.’

குழுவின் முதல் கூட்டத்தில் கணக்கு வாத்தியார் இந்தக் கேள்வியைப் பார்த்துச் சிரித்தார்.

“சார், ஆமான்னு சொல்றவன் நிச்சயமா ரசிகன் இல்லை. உண்மையானவன் ஒத்துக்கவே மாட்டான். பாடறவங்களே நாங்க எமோ இல்லைன்னுதான் சொல்லுவாங்க.”

“ஆமாம் சார்,” என்றார் தையற்காரம்மா. அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயமும் கடைசி விஷயமும் அதுதான்.

“அப்ப இல்லைன்னு சொல்றவங்க?”

“அவங்கதான் சார் அசல்.”

அலுவலர் யோசித்தார். “என் மாமியாரைக் கேட்டா இல்லைன்னுதான் சொல்வாங்க.”

வாத்தியாரும் தையற்காரம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “அவங்க அடிக்கடி அழுவாங்களா சார்?” என்று தையற்காரம்மா கேட்டார்.

“நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே அழுவாங்க.”

“அப்ப சந்தேகமே இல்லை சார்.”

சுற்றறிக்கை போயிற்று. ‘இல்லை’ என்று எழுதுபவருக்கு ‘அசல்’ என்ற வகையும் கறுப்புப் பட்டையும். ‘ஆம்’ என்று எழுதுபவருக்கு ‘முழுமையை நோக்கிப் பயணிப்பவர்’ என்ற வகையும் மஞ்சள் பட்டையும். யார் மனமும் புண்படக்கூடாது என்பதற்காக இந்தச் சொற்றொடரை அலுவலரே உட்கார்ந்து யோசித்து எழுதினார். ஊரில் எல்லாரும் அதைச் சுருக்கமாகப் ‘போலி’ என்றார்கள்.

ஒரே வாரத்தில் எங்கள் நகரத்தில் நானூற்றுப் பதினேழு அசல் எமோ ரசிகர்கள் இருப்பது தெரியவந்தது. அலுவலரின் மாமியார், தீயணைப்பு நிலையத்தின் மொத்த ஊழியர்கள், எங்கள் பியூன் எல்லாரும் அதில் அடக்கம். பியூன் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, கோப்பு கேட்டால்கூடப் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தான்.

‘ஆம்’ என்று எழுதியவர் நகரத்திலேயே ஒருவர்தான். அவர் என் தங்கச்சி வீட்டுக்காரர்.

மாப்பிள்ளை பஸ் டிப்போவில் மெக்கானிக். தங்கச்சி முடிதிருத்தும் நிலையம் வைத்திருக்கிறாள். இருவரும் சந்தித்ததே அந்த ஹாலில்தான். அவள் பாடுவாள், அவர் டிரம்ஸ் அடிப்பார். மூன்று வருடம் ஒத்திகை பார்த்து, ஒரு பாட்டை மேடையேற்ற இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமையை வாங்கியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து இந்தப் படிவம் வந்தது. வேலையிலிருந்து களைத்து வந்த என் தங்கச்சி, எரிச்சலில் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளைக்குப் பொய் வராது. ‘ஆம்’ என்று எழுதி, பக்கத்திலேயே ‘பதினைந்து வருடமாக’ என்றும் சேர்த்திருந்தார்.

முதல் நாள் தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாம் நாள் கறுப்புப் பட்டையைக் கட்டிப்பார்த்தாள். மூன்றாம் நாள் எனக்குப் போன் செய்தாள்.

“அண்ணா, என்ன இருந்தாலும் அவர் ஆமான்னு எழுதியிருக்கக் கூடாது.”

“அவருக்குப் பிடிச்சிருக்கும்மா. எழுதினார்.”

“எனக்கும்தான் பிடிச்சிருக்கு. நான் எழுதினேனா? கடைக்கு வர்றவங்கல்லாம் கேக்கறாங்க, வீட்டுக்காரர் மஞ்சளாமேன்னு. எனக்கு எப்படியிருக்கும்?”

நான்காம் நாள் மாப்பிள்ளை எங்கள் வீட்டு வாசலில் நின்றார், டிரம்ஸோடு. என் மனைவி டிரம்ஸை உள்ளே விட்டாள், அவரையும் விட்டாள், என்னைத்தான் முறைத்தாள். அன்றிலிருந்து அவர் எங்கள் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கரண்டிகளால் அந்தப் பாட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். தங்கச்சி எழுதிய பாட்டு. ‘நீ ஏறிப்போன பஸ்ஸின் நம்பர்கூட எனக்கு நினைவிருக்கிறது’ என்று தொடங்கும்.

“நான் கோவிச்சுக்கிட்டுப் போன அன்னைக்கு அந்த வண்டி ரிப்பேருக்கு வந்து ஷெட்ல நின்னுச்சு மச்சான்,” என்றார் ஒரு நாள். “நான் போனது நடந்து. ஆனா பாட்டுக்காகப் பரவாயில்லைன்னு விட்டுட்டேன்.”

“உங்க மாப்பிள்ளை எப்ப வீட்டுக்குப் போவார்?” என்று என் மனைவி சமையலறையிலிருந்து என்னைக் கேட்டாள், அவருக்கும் கேட்கும்படி.

அவர் கரண்டிகளைக் கீழே வைத்தார். “எனக்குப் பட்டை எந்தக் கலரா இருந்தாலும் சரி மச்சான். அவ பாடும்போது நான் அடிக்கணும். அவ்வளவுதான்.”

அந்தப் படிவத்தை அச்சுக்கு அனுப்பியது நான். மறுநாளே அலுவலரிடம் போனேன்.

“சார், பாடறவங்க அசல், அடிக்கிறவர் போலி. ஒரே மேடையில ஏறலாமா?”

“போலின்னு சொல்லாதய்யா. பயணிப்பவர்.”

“பயணிப்பவர் ஏறலாமா சார்?”

“அவர் முதல்ல முழுமையடையட்டும்.”

“எப்படி சார் அடையறது?”

“இல்லைன்னு எழுதணும். ஆனா ஒருதரம் ஆமான்னு எழுதினவர் இப்ப இல்லைன்னு எழுதினா, அது பொய்ச் சான்று. அதுக்குத் தனி நடவடிக்கை இருக்கு.” அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. வருத்தப்படுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

இதற்குள் அசல்களுக்குள்ளேயே தகராறு வந்துவிட்டது. சட்டென்று ‘இல்லை’ என்றவர்கள், யோசித்து ‘இல்லை’ என்றவர்களை ஏற்க மறுத்தார்கள். அழுதுகொண்டே சொன்னவர்கள், சொல்லிவிட்டு அழுதவர்களைக் கேலி செய்தார்கள். தீயணைப்பு வீரர்கள் தாங்கள் எதிலும் சேர மாட்டோம் என்றார்கள். ‘எதிலும் சேராதோர்’ என்று அவர்களுக்கு ஒரு வகையும் சாம்பல் நிறப் பட்டையும் தரப்பட்டன. வகைகள் பத்தொன்பது ஆயின. அலுவலர் முகத்தில் அப்படி ஒரு களை.

“பாத்தியா? பத்தொன்பது விதமான மக்கள் நம்ம ஊர்ல இருந்திருக்காங்க. நமக்கே தெரியல.”

“சனிக்கிழமை பத்தொன்பது வகையும் ஹாலுக்கு வந்தா அடிதடி ஆயிடும் சார்.”

அவர் மறுபடியும் கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாத்தானே அடிதடி? பார்க்கலைன்னா முழுசாச் சகிச்சுக்கலாம்ல? வகைக்கு ஒரு அறை கொடு.”

நூலகக் கட்டடத்தில் இருந்த அத்தனை இடத்தையும் நான் பங்கு போட்டேன். ஹால், சட்டென்று மறுத்த அசல்களுக்கு. படிக்கட்டு, யோசித்து மறுத்தவர்களுக்கு. ஸ்டோர் ரூம், அழுதுகொண்டே மறுத்தவர்களுக்கு. சைக்கிள் நிறுத்துமிடம் தீயணைப்பு நிலையத்துக்கு. கடைசியில் ‘பயணிப்பவர்’ என்ற வகையில் ஒரே ஒரு ஆள் மிஞ்சினார். ஆவண அறை மிஞ்சியது. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது.

“சார், அவர் ஆவண அறைக்குள்ள உட்கார்ந்து எதையாவது தட்டினா, விதி மீறலா?”

அலுவலர் விதிகளைப் புரட்டினார். “ஒதுக்கப்பட்ட அறைக்குள்ள ஒருத்தர் தட்டறதைத் தடுக்க விதி இல்லையே.”

“கதவு திறந்திருந்தா?”

“காத்தோட்டத்துக்குத் திறந்து வைக்கணும்னே விதி இருக்கு.”

சனிக்கிழமை மாலை மாப்பிள்ளையும் நானும் டிரம்ஸை ஆவண அறைக்குள் இறக்கினோம். மூன்று பக்கமும் கூரைவரை பழைய கோப்புகள். அவர் முட்டி இடிக்க உட்கார்ந்தார். ஆவண அறையில் யாரையும் தனியே விடக்கூடாது என்பதால், பொறுப்பாளர் என்ற முறையில் நானும் ஒரு கட்டுக் கோப்பின்மேல் உட்கார்ந்தேன். கட்டடத்தின் எல்லா அறைகளிலும் ஆட்கள் நிரம்பி, கதவுகள் மட்டும் திறந்திருந்தன. யாருக்கும் யாரும் தெரியவில்லை.

தூரத்தில் ஹாலிலிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. பஸ் நம்பரைச் சொன்னாள். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு அடித்தார்.

எனக்குச் சங்கீதம் தெரியாது. சின்ன வயதில் அவளோடு ஒரே அறையில் தூங்கியவன் நான். அவள் இப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. டிரம்ஸ் ஒவ்வொரு முறை அதிரும்போதும் அலமாரியிலிருந்து தூசி உதிர்ந்தது. நாலு நிமிடம் அந்தக் கட்டடத்தில் ஒருவர்கூட இருமவில்லை. பட்டை யாருக்கும் தெரியவில்லை, பாட்டு மட்டும் எல்லா அறைக்கும் போய்வந்தது. முடிந்தபோது என் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளக்கூடத் தோன்றவில்லை.

தங்கச்சி நடைவழியில் ஓடிவந்தாள். வரும்போதே கையிலிருந்த பட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டாள்.

“ரெண்டாவது தடவை பஸ் நம்பர் வரும்போது லேட்டா அடிச்சீங்க.”

“அழுதுட்டிருந்தேன்.”

“வீட்டுக்கு வாங்க.”

“டிரம்ஸையும் எடுத்துட்டு வரவா?”

“அது இல்லாம நீங்க வந்து என்ன பிரயோஜனம்?”

எனக்கும் என் மனைவிக்கும் இதைவிட நல்ல செய்தி அந்த வருடத்தில் வரவில்லை.

அலுவலர் அப்போதே நின்றபடி அறிக்கை எழுதத் தொடங்கினார்: ‘முழுமையான நல்லிணக்கம் எட்டப்பட்டது. காரணம், தனித்தனி அறைகள்.’ அதற்குள் எல்லா அறைகளிலிருந்தும் ஆட்கள் நடைவழிக்கு வந்துவிட்டார்கள். கண்கள் சிவந்திருந்தன. பட்டையைப் பற்றி யாருமே பேசவில்லை. ஒரு நிமிடம் அப்படியே இருந்தது.

“படிக்கட்டுல கேட்டவங்களுக்குத்தான் குரல் முழுசா வந்துச்சு,” என்றார் தையற்காரம்மா, மூக்கை உறிஞ்சியபடி.

“படிக்கட்டா?” என்றார் கணக்கு வாத்தியார். “அங்க எதிரொலிதான் வரும். ஸ்டோர் ரூம்ல கேட்டதுதான்மா அசல்.”

“ஹால்ல உட்கார்ந்து நேரா பார்த்தவங்களுக்கு ஒண்ணுமே புரிஞ்சிருக்காது, பாவம்,” என்றார் ஒரு தீயணைப்பு வீரர்.

அலுவலர் அறிக்கையை மடித்துவிட்டுப் புதுத்தாள் எடுத்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. என்ன ஜனங்கள் இவர்கள்! இவ்வளவு பெரிய விஷயம் நடந்திருக்கிறது, எங்கே உட்கார்ந்து கேட்டோம் என்பதா முக்கியம்? அதுவும் டிரம்ஸுக்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்து கேட்காதவர்கள் பேசுகிற பேச்சா இது?

“அண்ணா, எல்லாருமாச் சேர்ந்து டீ குடிக்கப் போறோம். வாங்க,” என்றாள் தங்கச்சி.

போகிறவர்களைப் பார்த்தேன். படிக்கட்டு ஆட்கள் இருந்தார்கள். ஸ்டோர் ரூம் ஆட்களும் இருந்தார்கள்.

“நீங்க போங்கம்மா. ஆவண அறையில கேட்டவங்க யாராவது வர்றதா இருந்தா சொல்லு.”

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். “மச்சான், ஆவண அறையில நீங்களும் நானும் மட்டும்தானே இருந்தோம்?”

“நீங்க அடிச்சிட்டிருந்தீங்க மாப்பிள்ளை,” என்றேன். “கேட்டது நான் ஒருத்தன்தான்.”

திங்கட்கிழமை காலை முதல் வேலையாகப் படிவத்தை நிரப்பி அலுவலரிடம் நீட்டினேன். கேள்வி எண் ஒன்றுக்கு ‘இல்லை’ என்றுதான் எழுதியிருந்தேன். இருபதாவது வகை எனக்கென்று உருவாயிற்று. ஆவண அறையும் எனக்கே நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது. சனிக்கிழமைகளில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்களும் ஒருநாள் வந்து பக்கத்தில் உட்காருங்கள் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. ஆனால் இந்தக் கதையை நீங்கள் எந்த அறையில் உட்கார்ந்து படித்தீர்கள் என்பது முதலில் தெரியவேண்டும்.