வீட்டுக்குப் போன புத்தகங்கள்

மாமியாரின் பெயரில் ஐந்தாவது குத்துச்சண்டைப் புத்தகத்தைப் பதிந்தபோதுதான் கிளை நூலகரான அவளுக்குக் கை கூசியது. மாமியாருக்கு முழங்கால் வலி. மாடிப்படியைப் பார்த்தாலே பெருமூச்சு விடுகிறவர்.

ஆனால் வேறு வழி தெரியவில்லை. வாசகர் வீட்டுக்கு எவ்வளவு புத்தகம் போகிறதோ அவ்வளவுதான் கிளை நூலகத்துக்கு அரசு மானியம். போனால் புதுப் புத்தகம் வரும், விளக்கு எரியும், கூரை ஒழுகாது. போகாவிட்டால் கிளையை இழுத்து மூடி, இருப்பதை மூட்டை கட்டித் தலைமை நூலகத்துக்கு ஏற்றிவிடுவார்கள். சென்ற வருடம் போனது மிகக் கொஞ்சம்.

அதனால் வீட்டிலிருந்த எல்லோரையும் உறுப்பினராக்கினாள். பதிந்த புத்தகம் அலமாரியிலேயே இருந்தால் திடீர்ச் சோதனையில் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து, தினமும் இரண்டு பை நிறையச் சுமந்துகொண்டு போனாள்.

"இந்தக் கட்டில்ல படுக்க நான் யார்கிட்ட மனு போடணும்?" என்றார் கணவர்.

"இதையெல்லாம் எங்கம்மா அடுக்கறது?" என்றார் மாமியார்.

"எங்கயாவது வைங்க அத்தை. வெளிய மூச்சு விடாதீங்க."

"எனக்கு இருக்கற மூச்சே போதலை, போ."

சில நாளில் மாமியாரின் முணுமுணுப்பு நின்றது. எத்தனை கொண்டுபோனாலும் வீட்டில் இடம் இருந்தது. தன் மகனைக் கொண்டு பரணில் ஏற்றியிருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். திருப்பிக் கேட்டால் மட்டும், "ரெண்டு நாள் பொறும்மா, எடுத்துத் தரேன்" என்பார்.

மானியம் வந்தது. நூலகத்து அலமாரிகள்தான் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டன. ஒருநாள் தையல்கடைக்காரி வந்து நின்றாள்.

"அக்கா, பொண்ணுக்குப் படம் போட்ட புத்தகம் ஏதாவது?"

"எல்லாம் வெளிய போயிருக்கும்மா."

"எல்லாமேவா? அப்படி யாருக்கா எடுத்தது?"

அவள் உதட்டில் விரல் வைத்து, "உஷ்" என்றாள். கூடத்தில் வேறு யாருமே இல்லை. தையல்கடைக்காரி சுற்றிலும் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனாள்.

தெருவில் தனக்கு 'உஷ் அக்கா' என்று பெயர் என்பது அவளுக்குத் தெரியும்.

அடுத்த வாரம் தலைமை நூலகத்திலிருந்து தொலைபேசி. "எல்லாக் கிளையிலயும் உங்களதுதான் முதல்ல நிக்குது! அதிகாரி அம்மா நேர்ல வராங்க. வாசகர்களோட ஒரு படம் எடுக்கணுமாம்."

வாசகர்களா? அதிகாரி வரும் நாள் காலை கணவரை விடுப்பு எடுக்க வைத்தாள். நாத்தனாரையும் அவள் கணவரையும் நூலகத்துக்கு வரவழைத்தாள். மாமியார் மட்டும் அசையவில்லை. "நான் வந்துட்டா வீட்டை யார் பாக்கறது? ஆள் வருவாங்க."

"ரொம்ப நேரம் ஆகுமா அண்ணி?" என்று கேட்டுக்கொண்டே நாத்தனார் கைப்பேசியில் பேச்சைத் தொடர்ந்தாள். நாத்தனாரின் கணவர் உட்கார்ந்த வேகத்தில் தூங்கிப்போனார். குறட்டை கூரையைத் தொட்டது.

அதிகாரி பதிவேட்டைப் பார்த்து, பெயரைக் கேட்டுக்கொண்டு நேராகக் கணவரிடம் வந்தார். "நீங்கதான் அதிகமா எடுக்கறவர் போல. போன மாசம் மட்டும் கர்ப்பகாலப் பராமரிப்பு பத்தி ஏழு புத்தகம்."

கணவர் எழுந்து நின்றார். "சும்மா... தெரிஞ்சு வெச்சுக்கலாமேன்னு மேடம்."

"வீட்ல விசேஷமா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை மேடம்."

அதிகாரி திரும்பி அவளைப் பார்த்தார். கோபம் இல்லாத அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப யாருமே படிக்கலையா?"

"ஒருத்தர்கூட இல்லை மேடம். எல்லாம் நானா பதிஞ்ச பொய்."

அதிகாரி கையிலிருந்த பதிவேட்டை மூடினார். "நிஜமாவே ஆள் படிக்கற இடம்னு ஒரு ஆதாரம் இருந்தாக்கூட உங்களுக்காக மேல பேசிப் பார்ப்பேன். இப்ப இந்த மாசத்தோட மூட வேண்டியதுதான். உங்களை வேற கிளைக்கு மாத்தச் சொல்றேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்."

கார் தெருமுனையைத் தாண்டிய பிறகும் அவள் வாசலிலேயே நின்றாள். அழுகை வரவில்லை. அதைவிடக் கசப்பான ஒன்று வந்தது. ஆள் வராதது அவளுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது. வீட்டில் ஆளுக்கொரு திசையிலிருந்து கூப்பிடுகிறார்கள். இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. அந்த நிசப்தத்தைத் தன் சொத்து போலக் காவல் காத்தாள். உள்ளே வந்தவர்களின் பேச்சை அடக்கினாள், குழந்தைகளின் சிரிப்பை அடக்கினாள், எல்லோரும் வேலை முடிந்து திரும்பும் நேரத்தில் கதவைப் பூட்டினாள். யாரும் ஏன் வருவதில்லை என்று ஒருநாளாவது ஒருவரையாவது கேட்டிருக்கலாம். பொய்யாகப் பதிவதற்குப் பட்ட பாட்டில் பாதியை அதற்குப் பட்டிருந்தால் போதும்.

தண்ணீர் கேன் போடுகிறவர் தோளில் கேனோடு உள்ளே வந்தார். இறக்கி வைத்துவிட்டுப் போகாமல் தலையைச் சொறிந்தார்.

"என்னங்க?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு உங்க மாமியார் சொல்லியிருக்காங்க... ஆனா மேடம், இன்னிக்குப் பை வரலையேன்னு உங்க வீட்டு வாசல்ல மூணு தெரு ஜனமும் படிச்ச புத்தகத்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்குது, கொஞ்சம் சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க."