நினியன் பெரியப்பாவின் எழுத்துப்பெட்டி

பிட்கார்வி, ஃபைஃப்
9 அக்டோபர் 1963

நம்மூர் ஃப்ரீமேசன் ரகசியச் சபையின் இந்த ஆண்டுத் தலைவரும், கறிக்கடை உரிமையாளரும், என் மனைவி எஃபியின் அண்ணனுமாகிய திரு. வாட்டி கௌர்லே அவர்களுக்கு,

பன்னிரண்டு ஆண்டுகள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், அது போதும். இங்கு நாங்கள் நலம். அங்கு நலமா என்று கேட்கவில்லை. எஃபி வாரம் இருமுறை உங்கள் வீட்டுக்கு வந்துபோகிறாள்; நான் கேட்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். உங்கள் முழங்கால் வலிக்காக வருந்துகிறேன். மரியாதைகள் முடிந்தன.

நேற்று நீங்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தீர்கள். வருகிற சனிக்கிழமை உங்கள் சபைக்கு இருநூறு வயதாகிறது, நினியன் பெரியப்பாவின் எழுத்துப்பெட்டியைப் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றீர்கள். "மாப்ள, ஒரே ஒரு நாளைக்குக் குடுங்க. நாப்பது வருஷம் சபைக் கணக்கு வழக்கெல்லாம் அவரு அதுல வெச்சுத்தானே எழுதினாரு. சாயந்திரமே பத்திரமாக் கொண்டாந்து வெச்சிடறேன்" என்று நீங்கள் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. அதற்கு நான், இந்த வீட்டில் அதுகுறித்து ரகசிய வாக்கெடுப்பு நடந்தது, ஒரு கறுப்பு விழுந்துவிட்டது, யார் போட்டது என்று சொல்வது மரபில்லை என்றேன். "இந்த வீட்ல இருக்கறதே ரெண்டு ஓட்டு, மாப்ள" என்றீர்கள். "நான் வெள்ளதான் போட்டேன்" என்று எஃபி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். வாக்கின் ரகசியத்தை மதிக்கத் தெரியாத குடும்பம் உங்களுடையது.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பிறகு என்னைப் பிடிவாதக்காரன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் உங்கள் சபையில் சேர விண்ணப்பித்தேன். எங்கள் மாடியறையில் குடியிருந்த உங்கள் பெரியப்பா, சபையின் செயலாளர், அவரே என் பெயரை முன்மொழிந்தார். ஆளுக்கொரு வெள்ளை உருண்டையும் கறுப்பு உருண்டையும் கொடுத்தீர்கள். ஒன்றை வாக்குப்பெட்டியில் போட்டுவிட்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. ஒன்று விழுந்தது. பெரியப்பா வீட்டுக்கு வந்து, "ஒரு கறுப்பு விழுந்துடுச்சுப்பா லாக்லன். யாருன்னு பேச எங்களுக்கு அனுமதி இல்ல" என்று சொல்லிவிட்டு, துக்கம் தாளாமல் இரண்டு கருவாடு தின்றார். யார் என்று எனக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதற்கு முந்தைய சனிக்கிழமைதான், கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது, தராசில் உங்கள் கட்டைவிரலுக்குத் தனி விலை உண்டா என்று உங்களைக் கேட்டிருந்தேன். வாக்கெடுப்புக்கு மறுநாள் நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் கொத்திறைச்சி அடைத்த சாசேஜ் இரண்டு கூடுதலாகச் சுற்றிக் கொடுத்தீர்கள். குற்றவாளிதான் கூடுதலாகக் கொடுப்பான்.

அன்றிலிருந்து அடுத்த ஊருக்குப் பேருந்தில் போய்க் கறி வாங்குகிறேன். திரும்பி வருவதற்குள் கோடையில் அது தன் கருத்தை மாற்றிக்கொண்டுவிடுகிறது. உங்கள் மகள் கல்யாணத்தில் வாழ்த்துரைக்கு முன்பே எழுந்து வந்தேன். மழையில் நனைந்து நிமோனியா கண்டது. புத்தாண்டில் முதலில் படியேறுகிறவர் கரி கொண்டுவந்தால் வீட்டுக்கு அதிர்ஷ்டம் என்ற நம்மூர் வழக்கப்படி, முதல் ஆளாக என் வாசலில் கரித்துண்டோடு நின்றீர்கள். கறுப்பாக எதையும் உங்கள் கையிலிருந்து வாங்குவதில்லை என்பதற்காகவே கரி எரிக்கும் கணப்பை அடைத்துவிட்டு மின்சார அடுப்பு வாங்கினேன், அது இரண்டு முறை தீப்பற்றியது. "பன்னெண்டு வருஷமா எங்கண்ணன் வீட்டுப் படிய நான் தனியாத்தான் ஏறிட்டிருக்கேன்" என்கிறாள் எஃபி. அதற்கும் நீங்களே பொறுப்பு.

இப்படிப்பட்டவர்களிடம் அந்தப் பெட்டியை எப்படி நம்பிக் கொடுப்பது? மூடியில் உங்கள் சபைச் சின்னமான கவராயமும் மூலைமட்டமும், இருபுறமும் தூண்கள், மேலே சூரியன், சந்திரன், இமைக்காத ஒரு கண் என்று தந்தத்தில் இழைத்துப் பதித்த பெட்டி. இந்த ஊரில் எனக்கிருந்த ஒரே நண்பரின் பெட்டி. அவர் இறந்தபின் இந்த ஒன்பது ஆண்டுகளாக நகராட்சிக்கு நான் எழுதும் புகார்கள் எல்லாம் அதன் மேல்தான் பிறக்கின்றன. நீங்களோ ஓட்டுப்போடும் உருண்டைகளையே எண்ணி வைக்கத் தெரியாதவர்கள். என்னை ஒதுக்கிய அன்றே ஒரு வெள்ளை உருண்டை காணாமல் போய், இன்றுவரை அதற்குப் பதில் ஒரு பெப்பர்மிண்ட் மிட்டாயை வைத்துச் சமாளிப்பதாகவும், போன வருடம் அதையும் யாரோ வாயில் போட்டுக்கொண்டதாகவும் உங்கள் மனைவி சொல்லி எஃபிக்குத் தெரியும். ஆகவே பெட்டி கிடைக்காது. இது முடிவு.

உங்கள் மனைவிக்கு என் வணக்கம். பேரனுக்கு ஆசி, அவனுக்கு இன்னும் ஓட்டுப்போடும் வயதாகவில்லை.

இப்படிக்கு,

பின்குறிப்பு: மேலே "இப்படிக்கு" என்று எழுதிவிட்டு, பெயர் போடுமுன் தேநீர் குடிக்கப் போனேன். அந்த நேரத்தில் எஃபி பெட்டிக்கு மெழுகு போட்டுத் துடைத்திருக்கிறாள். என்னைக் கேட்காமல் உங்களுக்குக் கொடுத்தனுப்ப உத்தேசம் போலிருக்கிறது. சூரியனை அழுத்தித் தேய்த்ததும் பக்கத்திலிருந்து ஒரு சிறிய இழுப்பறை வெளியே வந்தது. உள்ளே ஒரு வெள்ளை உருண்டை. அதைச் சுற்றியிருந்த தாளில் பெரியப்பாவின் கையெழுத்து:

"லாக்லன் நல்ல பையன். எஃபி கேட்டாள் என்று முன்மொழிந்தேன். ஆனால் தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு, தான் எழுதும் இந்த வட்டாரச் சாலைகளின் வரலாற்றை எனக்கு வாசித்துக் காட்டுகிறான். முப்பத்தேழு அத்தியாயம் ஆகிவிட்டது. சபை கூடும் வியாழக்கிழமை ஒன்றுதான் எனக்கு மிச்சம். அங்கேயும் அவன் வந்துவிட்டால் நான் எங்கே போவேன்? வெள்ளையைத் திருப்பிக் கொடுக்கக் கை வரவில்லை."

எஃபி அதை இரண்டு முறை படித்தாள். "அப்ப உங்கண்ணன் எதுக்கு அன்னிக்கு ரெண்டு சாசேஜ் கூடக் குடுத்தாரு?" என்று கேட்டேன். "பாவம்னு குடுத்திருப்பாரு" என்றாள்.

நான்கு பக்கம் எழுதியாகிவிட்டது, கிழிக்க மனம் வரவில்லை. கட்டைவிரல் விஷயத்தில் என் கருத்தும் அப்படியேதான் இருக்கிறது. சனிக்கிழமை காலை பெட்டியை எஃபி கொண்டுவருவாள். கனமான பெட்டி, அவளால் தனியாகத் தூக்க முடியாது, நானும் கூட வர வேண்டியிருக்கும். மறுபடி விண்ணப்பிக்கவெல்லாம் மாட்டேன், வியாழக்கிழமைகள் பெரியப்பாவுடையவை. ஆட்டுத் தொடை ஒன்று எடுத்துவையுங்கள். உருண்டையை இத்துடன் வைத்திருக்கிறேன், வெள்ளைதான். மிட்டாயை இனி யாராவது நிம்மதியாகத் தின்னட்டும். உங்கள் சபையில் மனத்தில் உள்ளதைப் போட்டுவிட்டுப் போகிறவன் பெயர் சொல்வதில்லை. நானும் கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.