மிராசு வயலில் ஜெர்மன் கம்பம்

மே ஒன்றாம் தேதி எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஒரு மூங்கிலை நட வேண்டும்.

திருவாரூரில் ஜெர்மன் மொழி படிக்கிறேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி நான். இரண்டு வருடமாக அந்தப் பட்டத்துக்குத் தூசி தட்டுவதுதான் என் உத்தியோகம்.

அன்று மதியம் ஜெர்மன் கம்பெனி அம்மா ஒருவர் வீடியோவில் என்னை நேர்காணல் செய்வதாக ஏற்பாடு. தேறினால் அங்கே தொழிற்பயிற்சி, சம்பளத்தோடு.

"அவங்க கிராமத்துல இன்னைக்கு உயரமா கம்பம் நட்டு, உச்சியில இலை வளையம் மாட்டி, ரிப்பன் கட்டி ஆடுவாங்க. வசந்தம் வந்ததுக்கு அடையாளம். உன் பின்னால அப்படி ஒண்ணு தெரிஞ்சா அசந்துடுவாங்க" என்றார் எங்கள் ஜெர்மன் வகுப்பு மிஸ்.

மண்டையைப் பிளக்கும் வெயிலில் எனக்கும் வசந்தம் வந்தது.

ரோட்டோரம் உளுந்து எடுத்துவிட்டுச் சும்மா கிடந்த வயல், மிராசுதாருடையது. போனில் அனுமதி கேட்டேன். "ஒரு மூங்கில்தானே? நட்டுக்க தம்பி" என்றார்.

கடையில் சிவப்பு ரிப்பன்தான் இருந்தது. எதையும் பத்து முறை யோசித்துச் செய்கிறவன் நான். அன்று ரிப்பனை மட்டும் யோசிக்கவில்லை.

நட்டு முடித்து நெற்றியைத் துடைப்பதற்குள் மிராசுவின் புல்லட் வந்து நின்றது.

"மே ஒண்ணாந்தேதி, என் வயல்ல, சிவப்புத் துணியோட கம்பமா? அந்தக் காலத்துல இப்படித்தான் கொடியை நட்டு எங்கப்பா நிலத்துல பாதியைப் பிடிச்சாங்க!"

"ஐயோ, கட்சி இல்லைங்கய்யா! இது ஜெர்மனிப் பழக்கம்!"

"கட்சி ஆபீஸ் படத்துல இருக்கிற அந்தத் தாடிக்காரர் மட்டும் எந்த ஊராம்? ஜெர்மனிதானே!"

அதுவும் உண்மைதானே!

"பத்து நிமிஷத்துல டிராக்டரோட வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன தூசி அடங்குவதற்குள் விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் சைக்கிளில் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"தம்பி! இந்த வயல்ல கொடி நடப்போய் எங்கப்பா வாங்காத அடி இல்ல. நீ ஒத்தை ஆளா நட்டுட்டியே!"

"தோழர், இது வசந்தத்துக்கு..."

"புரட்சிக்கு இன்னொரு பேரு வச்சிருக்கே. சரி, நீ படிச்சவன்!"

பையிலிருந்து கொடியை எடுத்தார். அப்போதுதான் வீடியோ அழைப்பும் வந்தது.

"கூட்டன் டாக்" என்று ஜெர்மனில் வணக்கம் சொன்னேன். பின்னால் தோழர் "மே தினம் வாழ்க!" என்றார். அந்த அம்மா சந்தோஷமாகக் கையசைத்தார்.

டிராக்டர் வந்துவிட்டது. மிராசு சொல்ல, நாலு பேர் இறங்கி மூங்கிலை அசைத்தார்கள். தோழர் கம்பத்தைக் கட்டிப்பிடித்தார். வேலை போய்விடும் பயத்தில் நானும் ஒரு கையால் கட்டிப்பிடித்தேன், மறு கையில் போன். மூங்கில் பிடுங்கிக்கொண்டது. நாங்கள் இருவரும் வரப்பில் விழுந்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போனில் கைதட்டல் கேட்டது!

அந்த அம்மா ஜெர்மனில் படபடவென்று பேசினார். மிராசு குனிந்து போனைப் பார்த்தார். "என்னவாம்?"

பொய் சொல்ல எனக்கு வராது. "அங்கேயும் பக்கத்து ஊர்க்காரங்க வந்து கம்பத்தைத் திருடுவாங்களாம். தூக்கினவங்களுக்குச் சாப்பாடும் பீரும் வாங்கிக் கொடுத்துத்தான் மீட்கணுமாம்."

"நல்ல நாடா இருக்கே!" என்றார் மிராசு.

"இவருக்கு நான் பீர் வாங்கித் தரணுமா? எந்த நாட்டு நியாயம் இது?" என்று குதித்தார் தோழர்.

டிராக்டர் ஆட்களில் ஒருவர் தலையைச் சொறிந்தார். "தோழர், தூக்கினது நாங்க. அவரு சும்மாதான் நின்னாரு. நம்ம சங்கத்து ஆளுங்களுக்குன்னு நினைச்சு வாங்கிக் குடுங்களேன்."

தோழருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மிராசு மட்டும் விறைப்பாகக் கம்பத்தோடு கிளம்பினார்.

சாயங்காலம் மிஸ் கூப்பிட்டார். "செலக்ட் ஆயிட்டேடா! இந்தியாவுல ஒருத்தர் எங்க கம்பத் திருட்டை இவ்வளவு தத்ரூபமா நடிச்சுக் காட்டுவார்னு எதிர்பார்க்கலையாம். அதுலயும் அந்த அழுகை!"

அது நடிப்பில்லை என்று அந்த அம்மாவிடம் நேர்மையாகச் சொல்லிவிடத்தான் போகிறேன். முதலில் விசா வரட்டும்.